அந்த நாலு செகண்ட் ஷாட்டை யார் பார்க்கிறார்கள்?

கத்தரிக்கோல்:

பதினோரு வருஷமாக எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்திருப்பவள் நான். போன வாரம் ஒரு குறும்படம் கைக்கு வந்தது. ஒரு நூலகம். அவன் மேஜையில் படித்துக்கொண்டிருக்கிறான், கதவு திறக்கிறது, அவள் உள்ளே வருகிறாள். அவ்வளவுதான் காட்சி. நான் கோத்த வரிசை இது: அவன் நிமிர்கிறான். அவளுடைய செருப்பு. அங்கிருந்து மெதுவாக மேலே ஏறுகிற ஒரு டில்ட், நாலு செகண்ட். முகம். மறுபடியும் அவன், வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

நன்றாகத்தான் இருந்தது, டைரக்டரும் ஓகே சொல்லிவிட்டார். கிளம்பும்போது அசிஸ்டென்ட் பெண் கேட்டாள்: "அக்கா, இந்தப் பொண்ணு எதுக்கு லைப்ரரிக்கு வந்திருக்கா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஸ்க்ரிப்டில் இருக்கிறது. அப்பாவின் பழைய வழக்கு பற்றித் தேடிக்கொண்டு வருகிறாள், கையில் ஃபைல் இருக்கிறது. நான் வைத்த நாலு செகண்டில் அந்த ஃபைலின் ஒரு மூலை இடுப்புக்குப் பக்கத்தில் வந்து போகிறது, கவனித்தால்தான் தெரியும்.

ஆண்நோக்கு (male gaze), ஆண்நோக்கு என்று ஐம்பது வருஷமாக எழுதுகிறார்கள். சரி. அந்த ஷாட்டைத் தேர்ந்தெடுத்தது ஒரு பெண். யாரும் என் கையைப் பிடித்துச் செய்யச் சொல்லவில்லை. இது எப்படி? படித்தவர்கள் சொல்லுங்கள், கட்டுரையை அப்படியே ஒட்டாமல்.

ஜன்னலோரம்:

ஒட்டவில்லை, எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். சினிமாக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975-ல் 'ஸ்க்ரீன்' என்ற சினிமா ஆய்விதழில் எழுதிய கட்டுரையில்தான் இந்தச் சொல் பிரபலமானது. நிறைய பேர் அதைப் படிக்காமலே 'ஆண்கள் பெண்களை உற்றுப் பார்க்கிறார்கள் என்கிற புகார்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் பேசியது மனிதர்களின் கண்ணைப் பற்றி மட்டும் அல்ல. சினிமாவில் மூன்று பார்வைகள் இருக்கின்றன: படம் பிடித்த கேமராவின் பார்வை, அரங்கில் உட்கார்ந்திருக்கும் நம் பார்வை, கதைக்குள் ஒருவர் மற்றவரைப் பார்ப்பது. முதல் இரண்டையும் படம் மறைத்துவிடும், மூன்றாவது மட்டும்தான் நடப்பதாக நமக்குத் தோன்றும். உங்கள் காட்சியில் அவன் நிமிர்ந்த உடனே கேமரா அவன் கண்ணாகிவிட்டது, நாமும் அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டோம். இதற்குத் தியேட்டரில் இருப்பவர் ஆணாக இருக்க வேண்டியதில்லை, எடிட்டரும் ஆணாக இருக்க வேண்டியதில்லை. நாற்காலி ஒன்றுதான் போடப்பட்டிருக்கிறது, யார் வந்தாலும் அதில்தான் உட்கார வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. அந்த நாலு செகண்டில் கதை நின்றுவிடுகிறது, கவனித்தீர்களா? மல்வி இதையும் சொல்கிறார். ஆண் வந்தால் கதை நகரும், பெண் வந்தால் கதை நின்று வேடிக்கை பார்க்கும். ஃபைல் காணாமல் போனது அதனால்தான்.

மூன்றாவது வரிசை:

ஒரு பையன் ஒரு பெண்ணைப் பார்த்து அசந்துபோகிறான், அதைக் காட்டினால் அதற்கும் ஒரு கோட்பாடா? அழகை ரசிப்பது மனித சுபாவம். ஆணைக் காட்டவில்லையா? சட்டையைக் கழற்றி, எண்ணெய் தடவி, வயிற்றில் ஆறு கட்டு தெரிய ஸ்லோ மோஷனில் ஓட விடுகிறார்கள். அதைப் பற்றி எவரும் எழுதக் காணோம். பெண் என்றால் மட்டும் மூன்று பார்வை, நான்கு பார்வை.

ஜன்னலோரம்:

எழுதியிருக்கிறார்கள் நண்பரே. 1982-ல் ரிச்சர்ட் டயர், அதே 'ஸ்க்ரீன்' இதழில், பெண்கள் பார்ப்பதற்காக எடுக்கப்பட்ட ஆண் படங்களை எடுத்துக்கொண்டு எழுதினார். அவர் கவனித்தது எளிமையானது. படத்தில் உள்ள ஆண் தன்னைப் பார்ப்பவரைக் கண்டுகொள்வதில்லை. மேலே எங்கோ பார்ப்பான், ஏதோ உயர்ந்த விஷயம் யோசிப்பதுபோல. இல்லை என்றால் நம்மை ஊடுருவிப் பார்ப்பான். சும்மா படுத்திருந்தால்கூடத் தசை முறுக்கேறியிருக்கும், இப்போதே எழுந்து எதையாவது செய்யப் போகிறவன் மாதிரி. அதாவது 'நான் பார்க்கப்படுவதற்காக இங்கே இல்லை' என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொன்ன ஸ்லோ மோஷன் ஆளும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறான்? எங்கேயோ போகிறான், யாரையோ அடிக்க அல்லது காப்பாற்ற. அவனை ரசிக்கலாம், ஆனால் அவன் வேலை நிற்காது.

மூன்றாவது வரிசை:

சரி, அது ஒரு நல்ல பாயின்ட். ஆனால் செருப்பிலிருந்து மேலே ஏறுவது ஹாலிவுட் கண்டுபிடிப்பா? நம் புலவர்கள் பாதத்திலிருந்து தலைமுடி வரை, பாதாதிகேசம், பாடவில்லையா?

தைலவண்ணம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இந்த ஒப்பீடு வந்தால் சும்மா இருக்க முடியாது. மரபுப்படி பாதாதிகேசம் தெய்வத்துக்கு. அடியில் விழுந்தவன் அங்கிருந்து நிமிர்ந்து பார்ப்பதால் பாதத்தில் தொடங்குகிறான், அது பணிவு. மனிதரைக் கேசாதிபாதமாகத்தான், தலையிலிருந்து கீழே, பாடுவார்கள். கேமரா காலில் தொடங்குவது பணிவால் இல்லை. முகத்தை ஒளித்து வைத்து, பொட்டலம் அவிழ்ப்பதுபோலக் கடைசியில் காட்டத்தான். முகம் வரும்வரை அவள் யார் என்று நமக்குத் தெரியக் கூடாது. (கேசாதிபாதம் பாடியவர்கள் மட்டும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கங்கமாக வெட்டி வெட்டி உவமை சொல்வதும் ஒரு எடிட்டிங்தான். அது வேறு இழை.)

நான் ஓவியம் சொல்லிக்கொடுப்பவன். சினிமாவுக்கு முன்னாலேயே இந்தச் சரக்கு கித்தானில் தயாராக இருந்தது. கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் 1972-ல் பிபிசியில் நாலு பகுதியாக ஒரு தொடர் செய்தார், புத்தகமும் வந்தது. ஐரோப்பிய நிர்வாண ஓவியங்களில் பெண் கையில் அடிக்கடி ஒரு கண்ணாடி இருக்கும், படத்துக்கு 'தற்பெருமை' என்று பெயர் இருக்கும். பெர்ஜர் கேட்டார்: அவளை நிர்வாணமாக வரைந்தது நீ, பார்த்து ரசிக்க ஆசைப்பட்டது நீ, கண்ணாடியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பழியையும் அவள்மேலேயே போடுகிறாயே என்று. இதை வகுப்பில் சொன்னால் ஒவ்வொரு வருஷமும் பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

கண்ணாடி என்றதும் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் வீனஸ். முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள், மன்மதன் கண்ணாடி பிடித்திருக்கிறான், அதில் முகம் புகைமூட்டமாகத் தெரியும். 'அவள் தன்னைப் பார்த்துக்கொள்கிறாள்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கோணத்தைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடியில் அவள் முகம் நமக்குத் தெரிகிறது என்றால் அதே கண்ணாடியில் அவளுக்குத் தெரிவது நாம்தான். இந்தப் படத்தைத்தான் 1914 மார்ச் 10 அன்று லண்டன் நேஷனல் கேலரியில் மேரி ரிச்சர்ட்சன் என்ற வாக்குரிமைப் போராளி வெட்டுக்கத்தியால் கிழித்தார். முந்தின நாள் அந்தப் போராட்டத்தின் தலைவி எமலைன் பாங்க்ஹர்ஸ்டைக் கைது செய்ததற்கான எதிர்ப்பு என்றுதான் அன்று சொன்னார். 1952-ல் ஒரு பேட்டியில்தான் இன்னொரு காரணமும் வெளியே வந்தது: ஆண்கள் நாள் முழுக்க அதன் முன்னால் வாயைப் பிளந்து நின்றது அவருக்குப் பிடிக்கவில்லையாம்.

(இவரே பின்னால் பிரிட்டிஷ் பாசிஸ்டுகளோடு சேர்ந்தார். அதனால் இவரை அம்மனாக்கிக் கும்பிட வேண்டாம்.)

கத்தரிக்கோல்:

வாயைப் பிளந்து! என் காட்சியில் அவனுடைய கடைசி ஷாட் அதுதான்.

இருட்டறை:

கண்ணாடி, வீனஸ் எல்லாம் சரி, ஒரே ஒரு பெண்ணைச் சுற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பிரெஞ்சு ஓவியர் மனேயின் 'ஒலிம்பியா'வை, நிர்வாணமாகப் படுத்திருக்கிற பெண்ணின் படத்தை, எல்லாரும் கொண்டாடுவார்கள். 1865-ல் பாரிஸின் வருடாந்தர ஓவியக் காட்சியில் வைத்தபோது பெரிய கலாட்டா, காரணம் அவள் கண்ணைத் தாழ்த்தாமல் நேராக நம்மைப் பார்க்கிறாள். மாடல் விக்டோரின் மொரான், அவரும் ஓவியர்தான். 1876-ல் அவர் வரைந்த சுயஉருவப்படம் அதே வருடாந்தரக் காட்சியில் ஏற்கப்பட்டது, மனேயின் படங்கள் அந்த வருஷம் நிராகரிக்கப்பட்டன. நல்ல கதை, எனக்கும் பிடிக்கும்.

ஆனால் அந்தப் படத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். பூங்கொத்தோடு நிற்கிற கறுப்பினப் பணிப்பெண். மாடலின் பெயர் லோர் என்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் பதிவாகவில்லை. அவள் நம்மைப் பார்க்கவில்லை, ஒலிம்பியாவைப் பார்க்கிறாள். ஒலிம்பியா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லொரைன் ஓ'கிரேடி 1992-ல் இந்தப் பணிப்பெண்ணை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். அதே வருஷம் அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ், மல்வியைப் படித்த கறுப்பினப் பெண் என்ன செய்வாள் என்று கேட்டார். அடிமைகள் நிமிர்ந்து பார்த்ததற்கே தண்டிக்கப்பட்டவர்கள், பார்ப்பதே அவர்களுக்கு ஒரு கலகம். திரையில் பார்க்கப்படுகிறவள் வெள்ளைக்காரப் பெண், பார்க்கிறவன் வெள்ளைக்கார ஆண், அப்படியென்றால் கறுப்பினப் பெண் எந்த நாற்காலியில் உட்காருவாள்? இரண்டிலும் உட்காராமல் சந்தேகத்தோடு தள்ளி நின்று பார்ப்பதை அவர் எதிர்நோக்கு என்றார். ஜன்னலோரம் சொன்ன 'நாற்காலி ஒன்றுதான்' என்பதில் எனக்கு இருக்கிற தகராறு இதுதான். சிலருக்கு அந்த நாற்காலியே கிடையாது, அதனால்தான் அது நாற்காலி என்று அவர்களுக்கு முதலில் தெரிந்தது.

ஜன்னலோரம்:

ஒத்துக்கொள்கிறேன். அந்த வாக்கியத்தை வேகத்தில் எழுதினேன், அப்படியே விட்டுவைக்கிறேன், உங்கள் பதில் புரியவேண்டும் இல்லையா. மல்வியும் பெண் பார்வையாளர்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்று திட்டு வாங்கி, 1981-ல் ஒரு பின்குறிப்புக் கட்டுரை எழுதினார். கதாநாயகனோடு ஒன்றிப்போகும் பெண் கொஞ்ச நேரம் வேறு உடை போட்டுக்கொள்வதுபோல ஊசலாடுகிறாள் என்பது அதன் சாரம். கத்தரிக்கோல், உங்களுக்கான பதில் அங்கே ஓரளவு இருக்கிறது. சின்ன வயதிலிருந்து அவன் இடத்திலிருந்து படம் பார்த்துப் பழகிவிட்டோம். வேறு உடை என்று தெரியாத அளவுக்கு அது தோலோடு ஒட்டிவிட்டது.

மூன்றாவது வரிசை:

என் பிரச்சினை வேறு. நானும் உட்கார்ந்து அந்தக் கட்டுரையின் மொழிபெயர்ப்பைப் படித்தேன். பாதிக்கு மேல் ஃப்ராய்ட், லக்கான் என்று உளப்பகுப்பாய்வு. பெண்ணைப் பார்த்தால் ஆணுக்குக் காயடிப்பு அச்சம் வருமாம், அந்த அச்சத்தைப் போக்கத்தான் அவளைத் துப்பறிவதும் தண்டிப்பதும், அல்லது காலையும் முகத்தையும் தனித்தனியாகப் பூஜிப்பதும். எனக்கு அப்படி எந்த அச்சமும் வந்ததில்லை. 'அது உன் அடிமனதில் இருக்கிறது' என்பீர்கள். அப்படிச் சொன்னால் எதைத்தான் மறுக்க முடியும்?

ஜன்னலோரம்:

இதில் நான் உங்கள் பக்கம். அந்த அச்சக் கதையை நானும் நம்பவில்லை. அவருக்கு அன்று கையில் கிடைத்த கருவி அது, அரசியல் ஆயுதமாக எடுத்துக்கொள்கிறேன் என்று அவரே சொல்லித்தான் பயன்படுத்தினார். கருவியைத் தூக்கிப் போட்டாலும் அவர் காட்டிய இடம் அங்கேயே இருக்கிறது. அவர் நூலகத்தில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததும் இல்லை. 1970 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உலக அழகிப் போட்டி நேரடி ஒளிபரப்பில் இருக்கும்போது மாவுப் பொட்டலம் வீசிக் கலைத்தார்களே, அந்தக் கூட்டத்தில் மல்வியும் ஒருவர். தவிர ஹாலிவுட் படங்கள் என்றால் அவருக்கு உயிர். பிடித்ததைத்தான் பிரித்துப் போட்டார்.

கணக்குப்பிள்ளை:

ஃப்ராய்ட் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு ஸ்கேல் போதும். 1983-ல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர், டேன் ஆர்ச்சரும் கூட இருந்தவர்களும், பத்திரிகைப் படங்களை அளந்தார்கள். தலை உச்சியிலிருந்து தாடை வரை ஒரு அளவு. உச்சியிலிருந்து படத்தில் தெரிகிற உடம்பின் கடைசி நுனி வரை இன்னொரு அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். முகம் மட்டும் இருந்தால் 1, முகமே இல்லாமல் உடம்பு மட்டும் இருந்தால் 0. ஆண்களுக்கு எண் கூட வந்தது, பெண்களுக்குக் குறைய வந்தது. ஒரே ஆளின் படத்தை முகம் பெரிதாக வரும்படி வெட்டிக் காட்டினால் பார்ப்பவர்கள் அவரைக் கூடுதல் புத்திசாலியாக மதிப்பிட்டார்கள் என்றும் அதில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு என் மேஜையில் கிடந்த ஒரு இதழை எடுத்தேன். ஒரே பக்கம், இரண்டு விஞ்ஞானிகள், ஒரே ஆய்வில் வேலை செய்கிறவர்கள். ஆண் விஞ்ஞானிக்கு 3 செ.மீ. முகம், மொத்தம் 4 செ.மீ., ஆக 0.75. அந்த அம்மாவுக்கு 1.5 செ.மீ. முகம், மொத்தம் 6 செ.மீ., ஆக 0.25. அவர் கன்னத்தில் கை வைத்து யோசிக்கிறார், அந்த அம்மா மைக்ராஸ்கோப் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். மைக்ராஸ்கோப் மேல் விரல் நுனி பட்டும் படாமலும். ஒரு பக்கத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனால் அந்த விரல்! சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் விளம்பரங்களை வைத்து எழுதிய புத்தகத்தில் இதே விரல் இருக்கிறது. ஆண்கள் பொருளைப் பிடிப்பார்கள், பெண்கள் அதைத் தடவுவார்கள், அல்லது ஓரத்தை வருடுவார்கள். அந்த அம்மா தினமும் அந்த மைக்ராஸ்கோப்பை அப்படியா தொடுவார்?

கத்தரிக்கோல்:

அவரை அப்படித் தொடச் சொன்ன போட்டோகிராபரும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், 'ஃப்ரேம் நல்லா இருக்கும்மா' என்றிருப்பார். நான் டைம்லைனில் சொல்லிக்கொண்டதும் அதே வார்த்தைதான்.

புதுசு:

எனக்குக் கோட்பாடு தெரியாது. ஒன்று மட்டும். வீடியோ காலில் நான் பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்ப்பதில்லை, மூலையில் இருக்கிற என் சதுரத்தைத்தான் பார்க்கிறேன். முடி, கழுத்து, வெளிச்சம். என் அண்ணனைக் கேட்டேன், அவன் தன் சதுரம் எந்த மூலையில் வரும் என்றே யோசித்துச் சொன்னான். இது இந்த இழைக்குச் சம்பந்தமா?

தைலவண்ணம்:

நேரடிச் சம்பந்தம் அம்மா. ஆண்கள் பெண்களைப் பார்க்கிறார்கள், பெண்கள் தாங்கள் பார்க்கப்படுவதைப் பார்க்கிறார்கள் என்பது பெர்ஜர் சொன்னதுதான். அவருக்கு அன்று அந்தச் சதுரம் தெரியாது. அண்ணன்மார்களிலும் சதுரத்தைப் பார்க்கிறவர்கள் இப்போது கூடிக்கொண்டு வருகிறார்கள் என்பது என் வகுப்பு அனுபவம். அதைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வரிசை:

சரி, எல்லாம் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். எப்படித்தான் எடுப்பது? பெண் வந்தால் கேமராவைச் சுவர் பக்கம் திருப்பிவிடலாமா?

இருட்டறை:

மல்வியின் கட்டுரை வந்த அதே 1975-ல் பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் அக்கர்மான் 'ழான் டீல்மான்' என்ற படத்தை எடுத்தார், அவருக்கு அப்போது 25 வயதுகூட நிறையவில்லை. 201 நிமிஷம். ஒரு விதவைத் தாய், மூன்று நாள் வீட்டுவேலை, அதற்கு நடுவே பாலியல் தொழில். ஒளிப்பதிவு பாபெத் மாங்கோல்ட். கேமரா நகராது. க்ளோசப் கிடையாது. யாரும் அவளை ஒளிந்து பார்ப்பதாகக் காட்டும் ஷாட் கிடையாது. உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள் என்றால் சீவி முடிக்கும்வரை நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒரு பொத்தான் போடாமல் விட்டிருக்கிறாள் என்றால் வயிற்றில் திக்கென்கிறது. அவ்வளவு நேரம் அவளைப் பார்த்திருக்கிறோம், ஆனால் அவளை மேய்ந்ததாக ஒரு கணம்கூடத் தோன்றாது. 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற சினிமா இதழ் பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் 2012-ல் முதலிடம் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ', மல்வி பிரித்து மேய்ந்த அதே படம். 2022-ல் முதலிடம் இது. கேமராவைச் சுவர் பக்கம் திருப்பவில்லை, ஒரு இடத்தில் வைத்துவிட்டு ஓட விட்டார்கள்.

மூன்றாவது வரிசை:

201 நிமிஷமா. உருளைக்கிழங்கா. நீங்கள் பாருங்கள், எனக்கு வந்து சொல்லுங்கள். 'வெர்டிகோ' பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அது எனக்குத் தலைகீழ்ப் பாடம். நாயகன் ஒரு பெண்ணைப் பின்தொடர்கிறான், பிறகு இன்னொரு பெண்ணை உடை, முடி எல்லாம் மாற்றி அவளாகவே ஆக்குகிறான், எல்லாம் உண்மை. ஆனால் நடுவில் ஓட்டல் அறையில் அந்தப் பெண் கேமரா பக்கம் திரும்புவாளே, அங்கே இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்ற உண்மை முழுக்க அவள் நினைவாக நமக்குத் தெரிந்துவிடும், அவனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவன் கண்ணால் அந்தப் படத்தைப் பார்க்கவே முடியாது, அவன் கொடூரனாகத்தான் தெரிவான். உங்கள் கோட்பாடு அந்தத் திருப்பத்துக்கு என்ன சொல்கிறது?

ஜன்னலோரம்:

இதை மல்விக்கு எதிராகவே டானியா மாட்லெஸ்கி போன்றவர்கள் ஹிட்ச்காக் படங்களை வைத்து எழுதினார்கள். ஆண்நோக்கு அவர் படங்களில் அவ்வளவு உறுதியாக இல்லை, பெண்ணின் பக்கம் வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்று. நீங்கள் பெண்ணியக் கோட்பாடு பேசிவிட்டீர்கள், வாழ்த்துகள்.

கத்தரிக்கோல்:

மூன்று நாள் கழித்து வருகிறேன். அவள் ஒரு தடவை திரும்பினால் போதும் என்கிற மாதிரி மூன்றாவது வரிசை சொன்னது மண்டையில் நின்றுவிட்டது. டில்ட்டைத் தூக்கிவிட்டு, அவள் உள்ளே வந்ததும் நூலகத்தை அவள் எப்படிப் பார்க்கிறாள் என்று ஒரு ஷாட் போடலாம் என்று ரஷஸ் (வெட்டாத மூலப் பதிவு) முழுவதையும் தேடினேன். இல்லை. அவன் பார்க்கிற ஷாட் பதினான்கு டேக் இருக்கிறது. அவள் எதையாவது பார்க்கிற ஷாட் ஒன்றுகூட இல்லை. எடுக்கவே இல்லை. குற்றம் டேபிளில் தொடங்கியது என்று நினைத்தேன், அது ஸ்பாட்டுக்கு முன்னாலேயே, ஷாட் பிரித்த நோட்டிலேயே தொடங்கியிருக்கிறது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. ஆறாவது டேக், டைரக்டர் 'கட்' சொல்லிவிட்டார், கேமரா இன்னும் நிற்கவில்லை. அவள் தோளைத் தளர்த்திவிட்டு, கண்ணைச் சுருக்கி, இடது பக்கம் எதையோ பார்க்கிறாள். இரண்டு செகண்ட். அதற்கடுத்து புத்தக அலமாரிகளின் வைட் ஷாட்டை ஒட்டினேன். அவ்வளவுதான், அவள் எதையோ தேடி வந்தவளாகிவிட்டாள்.

இருட்டறை:

அருமை. ஆனால் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த இரண்டு செகண்ட் அவள் நடிக்கவில்லை. கேமரா ஓடுவது அவளுக்குத் தெரியாது. பார்க்கப்படுவது தெரியாத ஒரு பெண்ணை எடுத்துப் போடுவதற்கு என்ன பெயர்?

கத்தரிக்கோல்:

இதைப் படித்துவிட்டு இரவு தூங்கவில்லை. காலையில் டைரக்டரிடம் நம்பர் வாங்கி அவளுக்கே போன் பண்ணி, ஷாட்டையும் அனுப்பினேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அதுவா அக்கா, சுவர்க் கடிகாரத்துல மணி பார்த்துட்டு இருந்தேன், கண்ணாடி போடல, அதான் கண்ணைச் சுருக்கினேன். வெச்சுக்கோங்க, நல்லா இருக்கு. ஆனா அந்த ஃபைலையும் எங்கயாவது காட்டுங்க. அதைத் தூக்கிட்டு ஒன்பது டேக் நடந்திருக்கேன்."